காதை நம்பி ஓடிய லைன்

1

சென்ற வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஆளுக்கொரு பெட்டி பேடா கொடுத்தார்கள். காரின் உடற்கூட்டைப் பற்றவைத்து உருவாக்கும் கொட்டகையில் ஒரு வருடமாக விபத்து எதுவும் இல்லை என்பதற்காக. அந்தக் கொட்டகைக்கு பாடி ஷாப் என்று பெயர். மேடையில் என் பெயரையும் சொன்னார்கள், புதிய முறையை வடிவமைத்த புராசஸ் இன்ஜினியர் என்று. நான் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

மாலையில் செம்பூர் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் கோவில்பட்டிக்கு போன் போட்டேன்.

"எதுக்குடி இனிப்பு?" என்றாள் அம்மா.

"ஒரு வருஷமா யாருக்கும் அடிபடலன்னும்மா."

"அதுக்கு முன்னால பட்டுச்சா?"

அம்மா எப்போதும் இப்படித்தான், கேட்கக்கூடாத இடத்தில் சரியாகக் கேட்பாள். பஸ் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். பம்பாயைப் பற்றி எழுது என்று கேட்டவர்கள் கடலையும் லோக்கல் ரயிலையும் எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த ஊரில் நான் அதிகம் பார்த்தது ஒரு கொட்டகையின் தகரக் கூரையைத்தான். கம்பெனியின் பெயர் வேண்டாம். பன்வேல் தாண்டி எங்கோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் ஒரு சிரிப்புக் கதை. அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் நாராயணன் சார். பூர்வீகம் பாலக்காடு. பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். ஹிந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் தண்ணீராக வரும். ஆனால் அவசரம் என்று வந்தால் ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் வாயில் முந்திக்கொள்ளும்: "ஆச்சா?" டீ ஆச்சா, ரிப்போர்ட் ஆச்சா, வெல்டிங் ஆச்சா. யாரிடம் பேசுகிறோம், அவருக்குத் தமிழ் தெரியுமா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

ஒருநாள் ஷிண்டே என்கிற மராத்திக்காரர் வந்து, நாளைக்கு லீவு வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டிருக்கிறார். நாராயணன் சார் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் "வேலை ஆச்சா?" என்றார். ஷிண்டே சலாம் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சார் கொட்டகையே அதிரக் கத்தினார். "எங்கடா போனான் ஷிண்டே? யாரைக் கேட்டுண்டு போனான்?"

லைனை ஓட்டவும் நிறுத்தவும் பொத்தான்கள் உள்ள பேனலில் நின்றிருந்த செல்வம்தான் பதில் சொன்னார். "நீங்கதான சார் அச்சான்னீங்க. ஹிந்தில அச்சான்னா சரிதான? அவன் பாவம் குஷியா போய்ட்டான்."

எல்லோரும் சிரித்தோம். நாராயணன் சாரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று முதல் அவருக்கு 'அச்சா சாப்' என்று பெயர் விழுந்தது. லீவு வேண்டியவர்கள் அவர் தலை குனிந்திருக்கும் நேரம் பார்த்துப் போய்க் கேட்டார்கள்.

செல்வம் தாராவியில் பிறந்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். செல்வத்தின் தமிழில் பாதி ஹிந்தி. தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அச்சாவுக்கும் ஆச்சாவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கொட்டகைக்கே விளக்கிச் சொன்னவர் அவர்தான்.

3

பாடி ஷாப்பின் நடுவில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. மேலே ஓடிவரும் கார்க் கூட்டை, அது உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கீழே இறக்கும். அந்தச் சட்டத்தின் கொக்கி அவ்வப்போது உருளையில் சிக்கிக்கொள்ளும். யாராவது லிஃப்டைச் சுற்றியிருக்கும் கம்பி வேலிக்குள் போய்க் கடப்பாரையால் நெம்பிவிட்டு வர வேண்டும்.

சுவரில் ஒட்டியிருந்த விதி தெளிவானது. உள்ளே போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் மெயின் சுவிட்ச் இருந்தது கொட்டகையின் மறுகோடியில். அதுவரை நடந்து திரும்பும் நேரத்தில் கொக்கியை மூன்று முறை நெம்பிவிடலாம். தலைக்கு மேலே ஒரு பெரிய போர்டில், லைன் நின்றுகிடக்கும் நிமிடங்கள் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மாடியில் இருக்கும் பெரியவர்களும் அதைப் பார்ப்பார்கள். ஆகவே வேலை குரலில் நடந்தது. உள்ளே போகிறவர் "பந்த்" என்பார், பேனலில் இருப்பவர் நிறுத்துவார். வெளியே வந்து "சாலு" என்பார், ஓட்டுவார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். இன்னொரு பிரிவில் வேலை பார்த்துவிட்டு அந்த லைனுக்கு நான் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அன்று காலை ஷிப்டில் கொக்கி சிக்கியது. உள்ளே போனவர் டொமினிக் அண்ணன், மெயின்டனன்ஸ் ஃபிட்டர், தூத்துக்குடிக்காரர். நாராயணன் சார் வேலிக்கு வெளியே நின்றார். போர்டில் சிவப்பு எழுத்து ஏறிக்கொண்டே போனது. செல்வம் பேனலிலிருந்து, ஓட்டலாமா என்று கேட்டார்: "சாலு கரூங் க்யா, சாப்?" பக்கத்து வெல்டிங் சத்தத்தில் அது நாராயணன் சாருக்குக் கேட்கவில்லை. அதே நொடியில் அவர் வேலிக்குள் குனிந்து டொமினிக் அண்ணனிடம் உரக்கக் கேட்டார்: "ஆச்சா?"

செல்வத்தின் காதில் விழுந்தது தான் கேட்ட கேள்விக்கான பதில். அச்சா, ஓட்டு.

நான் ஓடிவந்தபோது லைன் நின்றிருந்தது. டொமினிக் அண்ணனை நான்கு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலது கையுறை மட்டும் உருளைக்குள் இருந்தது, தட்டையாக. செல்வம் பேனலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலரிடம் தமிழில், சிலரிடம் ஹிந்தியில். "நான்தான் அமுக்குனேன். மைனே தபாயா."

யாரும் அவரை அதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

4

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி சார்பில் என்னை அனுப்பினார்கள். தமிழ் தெரிந்த ஒரு பெண் இருந்தால் நல்லது என்றார்கள். டொமினிக் அண்ணனின் மனைவி ஆரோக்கியம் அக்கா வந்திருந்தார். கூடவே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஜெனி, பள்ளிச் சீருடையிலேயே.

டாக்டர் வெளியே வந்து ஹிந்தியில் வேகமாகப் பேசினார். அக்காவுக்கு எதுவும் ஏறவில்லை. "என்ன மக்கா சொல்லுதாரு?" என்று மகளைப் பிடித்து உலுக்கினார்.

ஜெனிக்கு அந்த நேரத்தில் தமிழ் வரவில்லை. பள்ளியிலும் தெருவிலும் எந்த மொழியில் யோசிப்பாளோ அதில்தான் வாய் திறந்தது. "அம்மா... ஹாத் காட்னா படேகா."

கையை வெட்ட வேண்டியிருக்கும் என்று அதற்குப் பொருள்.

"காட்டட்டும்" என்றார் அக்கா. "எந்த டாக்டருக்கு வேணும்னாலும் காட்டட்டும். காட்டாம எப்படி? நல்ல டாக்டராப் பாத்துக் காட்டச் சொல்லு மக்கா."

ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்க போலோ நா."

"கையை எடுக்கணுமாம்க்கா" என்று நான் சொன்னேன். "மணிக்கட்டோட."

தாராவிச் சந்தையில் இத்தனை வருடம் மீனும் கறியும் வாங்கிய பெண்ணுக்கு 'காட்னா' என்றால் என்ன என்று தெரியாமலா இருக்கும்? தெரியும். அன்று அவருடைய காது அதை ஹிந்தியாகக் கேட்க மறுத்துவிட்டது. காட்டினால் சரியாகிவிடும் என்று நம்ப ஒரு தமிழ்ச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டது.

நடைபாதையின் மறுமுனையில் செல்வம் நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டார்.

"ஏல, நீயெல்லாம் தமிழனால? ஆச்சான்னு கேட்டா என்ன அர்த்தம்னு தெரியாதால ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமால அமுக்குன?"

அந்தக் கேள்விக்கான பதில் எனக்கும் பிறகுதான் பிடிபட்டது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அது கேள்வி என்று புரிந்திருக்கும். ஹிந்தி மட்டும் தெரிந்தவருக்கு எப்போது கேட்டாலும் அச்சாதான், அதனால் ஷிண்டே கதைக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் சாரின் முகத்தைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளப் பழகியிருந்தார்கள். இரண்டும் தெரிந்த செல்வம்தான் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தார்.

5

விபத்துக்கு மூல காரணம் கண்டுபிடித்து முறையை மாற்றும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வெல்டர்கள் பார்க்கவில்லை என்றார்கள். லோடிங் ஆட்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்களாம், அத்தனை பேரும். நாராயணன் சார் கண் கலங்கிப் பேசினார். "நான் டொமினிக்கையாக்கும் கேட்டேன். செல்வத்துண்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா." அது உண்மைதான்.

நடந்ததை நடந்தபடி சொன்னது செல்வம் ஒருவர்தான். எங்கே நின்றார், என்ன கேட்டார், போர்டை எத்தனை முறை பார்த்தார், பூட்டுப் போடாமல் உள்ளே போவது எப்படி வழக்கமாயிற்று, எல்லாவற்றையும். "மேடம், சச்சியா சொல்றேன், எனக்கு அச்சான்னுதான் கேட்டுச்சு. இப்பவும் கண்ண மூடுனா அப்படித்தான் கேக்குது" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் என் கையில் ஒரு நசுங்கிய கையுறையும் பத்துப் பன்னிரண்டு 'தெரியாது'களும் மட்டுமே இருந்திருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். எனக்கு அது எங்கள் வீட்டுக் கிரைண்டரோடு சேர்ந்துதான் நினைவுக்கு வந்தது. கோவில்பட்டியில் மாவு வழிக்கும்போது அம்மா சுவிட்சை அணைப்பதோடு நிறுத்த மாட்டாள். பிளக்கைப் பிடுங்கி, வயரோடு இழுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டுதான் உள்ளே கை விடுவாள். "நான் பாத்துக்கறேம்மா, யாரும் போட மாட்டாங்க" என்று தம்பி சொன்னால், "நீ பாக்கறது இருக்கட்டும், இது எங்கிட்ட இருக்கட்டும்" என்பாள்.

அதையே வேலியில் செய்தேன். மறுகோடியில் இருந்த சுவிட்ச் வேலிக் கதவுக்கே வந்தது. கதவைத் திறக்க ஒரு சாவியைத் திருப்பி உருவ வேண்டும், உருவியதும் மின்சாரம் போய்விடும். உள்ளே போகிறவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவார். அவர் வெளியே வந்து சாவியைத் திரும்பப் போடும்வரை பேனலில் யார் என்ன அமுக்கினாலும் லைன் ஓடாது. குரலுக்கு அங்கே வேலை இல்லை. சிக்கலை நீக்கும் நேரத்தை அந்தச் சிவப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் எழுதினேன். அதை மட்டும் மாடியில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். "மேடம், பாத்ரூமுக்கும் சாவி போட்டுடுங்க, அங்கயும் ஆளுங்க சிக்கிக்கறாங்க" என்று ஒரு வெல்டர் சொன்னதற்குக் கொட்டகையே சிரித்தது. பிறகு பழகிவிட்டது. முறை நன்றாகவே ஓடியது.

6

செல்வத்தின் மேல் விசாரணை தனியாக நடந்தது. டொமினிக் அண்ணன், சட்டைக் கை மடித்துக் குத்தப்பட்ட கோலத்தில், தானாகவே வந்து சாட்சி சொன்னார். அவர் தமிழில் சொல்ல, நான் ஹிந்தியில் சொன்னேன்.

"அவன் மேல தப்பில்ல. நானும்தான் பூட்டுப் போடாம எத்தன தடவ உள்ள போயிருக்கேன். போடணும்னா ரயிலேறிப் போற தூரத்துல சுவிட்ச வச்சது யாரு? அவங்களக் கூப்பிட்டு விசாரிங்க மொதல்ல."

எழுதிக்கொண்டவர் ஆங்கிலத்தில் ஒரே வரியாக எழுதினார்: காயமடைந்தவருக்குப் புகார் எதுவும் இல்லை. நான் திருத்தச் சொன்னேன். இது சுருக்கம்தான் மேடம் என்றார்.

பர்சனல் மேனேஜரை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மரியாதையானவர், டீ வரவழைத்தார். இந்தத் தொழிற்சாலையில் உண்மை பேசிய ஒரே ஆளை அனுப்பினால் அடுத்த முறை எனக்கு யார் பேசுவார்கள் என்று கேட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "புராசஸ் உங்கள் துறை. அதை நீங்கள் அருமையாகச் செய்துவிட்டீர்கள். ஆட்கள் எங்கள் துறை. அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே, நாங்கள் என்ன செய்ய முடியும்?"

செல்வத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். நாராயணன் சாருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள், சில மாதங்களில் ஓய்வு பெற்றுப் போனார். டொமினிக் அண்ணனுக்குக் கருவிகள் கொடுக்கும் ஜன்னலில் உட்காரும் வேலை. லைனில் இனி ஹிந்தியில் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. குரலே தேவைப்படாத ஒரு முறையைச் செய்து கொடுத்த பிறகு, எந்த மொழியில் பேசுவது என்று விதி போட்டார்கள்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு தாதர் வரை நடந்தேன். ரயில் நிலையத்துப் படியில் செல்வத்தைப் பார்த்தேன். முதுகில் பார்சல் கம்பெனிப் பை, கையில் மகள். சாயங்கால நெரிசலில் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"சல்தா ஹை மேடம். வண்டில சுத்துறேன். ஒரு பாத் சொல்லவா? அன்னிக்கு நான் மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு, பட்டன் தானா அமுங்கிச்சுன்னு சொல்லியிருந்தேன்னா, ஆஜ் பீ, இன்னிக்கும் அங்கதான் நின்னிருப்பேன். மெஷின் ஃபால்ட்டுன்னு எழுதியிருப்பாங்க."

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருந்தா உங்க சாவி வந்திருக்காதே." சிரித்தார். ஏளனமாக இல்லை, உண்மையாகவே.

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஹிந்தியில் ஏதோ கேட்டாள். அவரும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். நான் அவளிடம் தமிழில் பெயர் கேட்டேன். அவள் அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப வீட்டுல தமிழ் நிப்பாட்டிட்டேன் மேடம்" என்றார் செல்வம். "ஒரு பாஷை போதும் அவளுக்கு. ரெண்டு இருந்தா டேஞ்சர்."

மறுத்துச் சொல்ல எனக்கு நிறையக் காரணங்கள் தெரியும். வரிசைப்படுத்திச் சொல்லவும் வரும். அவருடைய ரயில் வந்துவிட்டது.

7

கொண்டாட்டம் முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, லிஃப்ட் பக்கம் போனபோது வேலிக் கதவு திறந்திருந்தது. லைன் ஓடிக்கொண்டிருந்தது.

அது நடக்கக் கூடாத ஒன்று. கதவு திறந்திருந்தால் சாவி வெளியே இருக்கிறது என்று அர்த்தம், சாவி வெளியே இருந்தால் லைன் ஓடாது. அருகில் போய்ப் பார்த்தேன். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. சாவித் துளையில் ஒரு சாவி திருகிக்கிடந்தது. எங்களுடையது இல்லை. பளபளப்பாக, புதிதாக ராவியது. யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள். உள்ளே போனவர் வெளியே வருவதற்காகக் காத்திருக்காமல் நகல் சாவியைப் போட்டு ஓட்டிவிட்டால், அந்தச் சிவப்பு எழுத்து ஏறாது. நகல் சாவி செய்து தரும் கடை இந்த ஊரில் எந்த ஸ்டேஷன் வாசலிலும் இருக்கிறது.

உடனே லைனை நிறுத்தினேன். ஷிப்டில் இருந்த எல்லோரையும் கருவி ஜன்னலுக்கு முன்னால் கூப்பிட்டேன். சாவியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"யார் செய்தது என்று நான் கேட்கவில்லை" என்று ஹிந்தியில் சொன்னேன். "எப்போதிலிருந்து நடக்கிறது? இதுபோல் எத்தனை இருக்கின்றன? அது தெரிந்தால் போதும்."

"பதா நஹீ மேடம்" என்றார் ஒருவர். "மாஹித் நாஹி" என்றார் ஷிண்டே. "எனக்கும் தெரியாது" என்று வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்வத்தின் இடத்தில் இப்போது பேனலில் நிற்பவர் பாஸ்கர், உல்லாஸ்நகரிலிருந்து வருகிறவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு அடி முன்னால் வந்தார். "மேடம், அது வந்து..." என்று தமிழில் ஆரம்பித்தார்.

"பாஸ்கரு."

ஜன்னலுக்கு உள்ளிருந்து டொமினிக் அண்ணன். அவர் எழுந்திருக்கவில்லை. இடது கையால் ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். "வாயத் தொறக்காதப்பா. ஒனக்குப் புள்ளைக இருக்கு. தொறந்தவன் பார்சல் தூக்கிட்டு அலையுதான்."

தமிழ் புரிந்தவர்கள் அங்கே நாலைந்து பேர்தான். புரியாதவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஸ்கர் வந்த அடியைத் திரும்ப எடுத்து வைத்தார்.

"அண்ணே, உங்க கை போன இடம் இது" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "எனக்குத் தெரியாதா?" அடுத்த ஸ்பேனரை எடுத்து அளவு பார்த்தார்.

பூட்டுகளை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். வந்து சேர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்கிறார்கள். வந்தாலும் அவற்றுக்கும் நகல் எடுப்பார்கள். இப்போது எத்தனை சாவிகள் யார் யார் பையில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. கொக்கி சிக்கி யாராவது வேலிக்குள் இறங்குவது தெரிந்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடுகிறேன். அவர் வெளியே வரும்வரை, பேனலின் பச்சைப் பொத்தானை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.